வால் வண்டிக்கு அச்சு வைத்த இடம்

நான் கட்டிக் கொடுத்த முதல் டிரெய்லர், ஆட்களை ஏற்றிக்கொண்டு பண்டாரவளை ரோட்டில் இறங்கி வரும்போது லொறியை விட்டுக் கழன்றுவிடும் என்று எனக்கு உறைத்தபோது காலை பத்து மணி இருக்கும். பதுளையில் எங்கள் வண்டிப் பட்டறை வாசலில் கையில் சுத்தியலோடு நின்றிருந்தேன். அந்தப் பட்டறையில் அப்போது எனக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். அதுவரை என் வேலையை நினைத்து நான் ஒரு நாளும் பயந்ததில்லை. கோளாறே அதுதான்.

இப்போது டிரெய்லர் கட்டுகிறவர்களிடம் வெல்டிங் இருக்கிறது, பிளான் இருக்கிறது. எங்களிடம் அடுப்பும் ரிவிட்டும் என்னுடைய வாயும்தான் இருந்தன. ஆனாலும் நான் செய்த தப்பை நீங்களும் செய்ய முடியும். அதனால் எழுதுகிறேன்.

1. ஆர்டர்

ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலை எல்லாம் மாட்டு வண்டியில் பசறை வழியாகப் பதுளைக்கு வந்து, அங்கிருந்து மேடேறிப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போகும். எங்கள் பட்டறைக்குச் சோறு போட்டது அந்த வண்டிகள்தான். பட்டறை ஹனிபா முதலாளியுடையது. நான் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன். விடியற்காலையில் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்கப் பிடிக்காமல் தோட்டத்து ஃபேக்டரியில் இரும்பு வேலை பழகி, பிறகு டவுனுக்கு வந்து சேர்ந்தேன். கைவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். நான் ஆறுமுகம் பாஸ்.

ஒரு நாள் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய துரை புது மோட்டார் லொறியில் வந்து இறங்கினார். லொறிக்குப் பின்னால் கையைக் காட்டி, "இங்கே ஒரு வண்டி கட்டணும். லொறி இழுக்கும். தேயிலைப் பெட்டி ஏத்தும். நீ செய்வியா?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏலுமா ஆறுமுகம்?"

"ஏலும் முதலாளி."

யோசிக்கவே இல்லை. டிரெய்லர் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டேன். இது சரியாக அமைந்தால் இன்னும் மூன்று வேண்டும் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயந்திரம் முதலாளி பட்டறைக்கே ஈச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் அந்த வண்டிக்கு வால் வண்டி என்று பேர் வைத்துவிட்டோம்.

2. பிரேமும் பாடியும்

பழுதான லொறி ஒன்றின் ஆக்சிலும், கட்டி ரப்பர் போட்ட இரண்டு சக்கரமும், ஸ்பிரிங் பட்டைகளும் துரையே கொடுத்தனுப்பினார். பிரேமுக்குப் பத்தடி நீளத்தில் இரண்டு சேனல் இரும்பு. குறுக்கே ஐந்து துண்டு. ரிவிட் துளையைச் சேனலின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ போடாமல் நடு முகத்தில் போட்டேன். பாரம் வரும்போது இழுபடுவதும் நசுங்குவதும் விளிம்புகள்தான், அங்கே ஓட்டை போட்டால் அங்கேதான் கிழியும். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

பாடியைத் தேயிலைப் பெட்டியை வைத்தே அளந்தேன். அகலத்துக்கு மூன்று பெட்டி, நீளத்துக்கு ஐந்து, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. அடிப்பலகைகளை நீளவாக்கில் போட்டேன். குறுக்கே போட்டால் பெட்டியை உள்ளே தள்ளும்போது ஒவ்வொரு பலகையிலும் முட்டிக்கொண்டு நிற்கும். பலகைக்குப் பலகை கொஞ்சம் சந்து விட்டேன், மழைத் தண்ணீர் இறங்கிப் போக. பக்கப் பலகைகள் சாவண்டலை மரம், கழற்றி மாட்டும்படி.

முன்னால் இழுப்புக்கு, மாட்டு வண்டியின் ஏர்க்கால் மாதிரியே ஒரு நீள இரும்பு. அதன் நுனியில் ஒரு வளையம். லொறியின் பின்பக்கம் மேலே பார்த்து வளைந்த ஒரு கொக்கி. வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் போட்டால் சரி, இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நுகத்தடி மாட்டுக் கழுத்தில் உட்காருகிற மாதிரிதான் நினைத்தேன்.

அப்புறம் அச்சு. அதை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. பாடியின் சரிபாதியில், ஐந்தடியில் வைத்தேன்.

3. என் பெருமை

அது ஏன் என்று சொல்ல வேண்டும். வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்ததே அச்சு வைக்கிற கைக்காகத்தான். முன்பாரம் அதிகமானால் மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் குரல்வளையைக் கயிறு இறுக்கும். இரண்டும் இல்லாமல், மூட்டை முழுக்க அடுக்கிய பிறகு நுகத்தடியை நான் இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவேன். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள், "மாட்டுக் கழுத்துல பூ வச்ச மாதிரி இருக்கு பாஸ்" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் பெட்டி ஏற்றிக் காட்டுவதுண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வால் வண்டியை ஒப்படைக்கிற அன்றும் அதையே செய்தேன். பெட்டிகளை வரிசையாக அடுக்கச் சொல்லி, துரை முன்னால் அந்த இரும்பை இரண்டு விரலால் தூக்கினேன். துரை தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். லொறி டிரைவர் சின்னையா கை தட்டினார். முதலாளிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

4. சின்னையா சொன்னது

முதல் நடை பெட்டியோடு மேடேறிப் பண்டாரவளைக்குப் போய், வெறும் வண்டியாகத் திரும்பியது. இரண்டாவது நடைக்குப் போகும்போது, காலை எட்டு மணிக்கு, சின்னையா பட்டறை வாசலில் லொறியை நிறுத்தினார்.

"என்னா பாஸ், போறப்ப நல்லாத்தான் வருது. எறக்கத்துல வளையம் கொக்கியில டக்கு டக்குன்னு துள்ளுது. வாலும் கொஞ்சம் ஆடுது. கிரீஸ் வச்சு விடுங்க."

நான் கிரீஸ் வைத்தேன். நன்றாகவே வைத்தேன். புது இரும்பு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று ஆறுதலும் சொன்னேன்.

"இன்னைக்குத் திரும்பறப்ப ஆள் ஏத்திட்டு வர்றோம்" என்றார் சின்னையா. "சீமையிலருந்து, இந்தியாவுலருந்து, புது ஆளு வருது. கங்காணி ரயில்ல கூட்டிட்டு வர்றாரு. லொறியில அரிசி மூட்ட. வால் வண்டி சும்மாதான வருது, அதுல ஏத்திக்கோன்னு தொர சொல்லிட்டாரு. ஒரு முப்பது தலை இருக்கும்."

புது ஆட்கள் பண்டாரவளையிலிருந்து லுணுகலை வரைக்கும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துதான் போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நடந்து வந்தவள். பரவாயில்லையே, இவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்தேன். லொறி போய்விட்டது.

பத்து மணி வாக்கில் ஒரு நெல் வண்டி வந்து நின்றது. சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாற்ற வேண்டும். வண்டிக்காரர் முன்னால் இருந்த மூட்டைகளை முதலில் இறக்க ஆரம்பித்தார். பாதி இறக்கியதும் வண்டி பின்பக்கம் சாய்ந்தது, நுகத்தடி மேலே எழும்பியது, மாடு மூச்சுத் திணறியது. வண்டிக்காரர் "ஏய் ஏய்" என்று ஓடிப்போய் ஏர்க்காலில் ஏறி உட்கார்ந்தார். வண்டி இறங்கியது. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. தினம் பத்துத் தடவை செய்கிற காரியம்.

நான் சுத்தியலும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாட்டு வண்டியில் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். மேட்டில் முன்னால் நகருவான், இறக்கத்தில் பின்னால் நகருவான், தேவைப்பட்டால் குதித்து இறங்குவான். என் இரண்டு விரல் கணக்கு, அந்த ஆளையும் சேர்த்த கணக்கு. வால் வண்டியில் அவன் இல்லை. மேடேறும்போது லொறியின் இழுப்பிலேயே வளையம் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் இழுப்பு இல்லை. பாரமும் இல்லை. வளையம் துள்ளாமல் என்ன செய்யும்? வெறும் வண்டிக்கே துள்ளியது. இன்றைக்கு ஆட்கள் ஏறுவார்கள். லொறிப் புகை முன்பக்கம்தான் அடிக்கும். புகைக்குப் பயந்து எல்லாரும் பின்னால்தான் போய் உட்காருவார்கள். முன்பக்கம் தூக்கும். மேலே திறந்த கொக்கி. நான்தான் திறந்து வைத்தேன்.

5. முதலாளி

ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இது தொரைட வேல ஆறுமுகம். இன்னும் மூணு வண்டி தாரன்னு சொல்லி ஈக்கிறார். நாங்களே போய் பிழைண்டு சொன்னா, பொறவு யாரு எங்களுக்கிட்ட வேல தருவாங்க?"

"கழண்டுட்டா முதலாளி?"

"கழலும்னு ஒங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

அதுதான் உண்மை. கழலாமலும் வந்து சேரலாம். நான் பேசாமல் பட்டறைக்குள் போய், நாளைக்குச் சின்னையா வரும்போது கொக்கிக்கு ஒரு மூடி அடித்துக் கொடுக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அதை நினைக்கும்போதே தெமோதரைக்கு மேலே இருக்கிற வளைவு கண்ணுக்குள் வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"நான் போறேன் முதலாளி. வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "நடந்தா போகப் போறீங்க? என்ட திருக்கல எடுங்க" என்றார். அவர் பள்ளிவாசலுக்குப் போகிற ஒற்றை மாட்டு வண்டி அது. யாரையும் தொடக்கூட விடமாட்டார்.

6. ரோடு

ஹாலிஎல தாண்டும்வரை அந்த மாட்டை நான் விரட்டிய விரட்டை இன்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் லொறிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். எதிரே வந்த ஒரு கீரை வண்டிக்காரரிடம், "மேல எங்கயாவது வண்டி கவுந்து கெடக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பாதி வழியில்தான் பார்த்தேன், பட்டறையிலிருந்து சுத்தியலையும் கிரீஸ் டப்பாவையும் எடுத்து வந்திருக்கிறேன். சங்கிலி எடுத்து வரவில்லை. கயிறும் எடுத்து வரவில்லை.

தெமோதரை தாண்டி மேலே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே மாட்டைக் கட்டும்போது லொறி சத்தம் கேட்டது. நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். சின்னையா பிரேக் போட்டு நிறுத்தினார். நிற்கும்போதே வால் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

நான் நினைத்தபடியேதான். முன்பாதியில் ஒரு ஆள் இல்லை. மூட்டை முடிச்சோடு எல்லாரும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, சீலைத் தலைப்பால் மூக்கை மூடி, மலையைக் காட்டிக் காட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தார்கள். வளையம் கொக்கியின் நுனியில் தொற்றிக்கொண்டு இருந்தது. ஒரு விரல் அகலம் மிச்சம்.

"யாருய்யா நீ? வழிய விடு" என்றார் கங்காணி, லொறி முன்சீட்டிலிருந்து.

"எல்லாரும் முன்னால வாங்க. பின்னால இருக்கக் கூடாது" என்றேன்.

"முன்னால பொகை அடிக்குது. புள்ளைக இருமுது" என்றாள் ஒருத்தி. முப்பது வயது இருக்கும், மடியில் ஒரு குழந்தை. செல்லாயி என்று அவள் பேர் பிறகுதான் தெரியும். "நீங்க யாரு அதச் சொல்ல?"

வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். துரை உத்தரவு என்றிருக்கலாம். வாயில் வரவில்லை.

"இந்த வண்டியச் செஞ்சவன் நாந்தாம்மா. தப்பாச் செஞ்சிட்டேன். நீங்க பின்னால இருந்தா இது லொறிய விட்டுக் கழண்டுக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு மூன்று பேர் இறங்கப் போனார்கள். கங்காணி கத்தினார், "இவன் பேச்சக் கேட்டு எறங்குனீங்கன்னா நடந்துதான் வரணும், பொழுது எறங்கிரும்." செல்லாயி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்களும் ஏறுங்கண்ணே. நீங்க ஏறுனா நாங்க முன்னால வர்றோம்."

திருக்கலின் மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வளையத்தையும் கொக்கியையும் சேர்த்துக் கட்டினேன். மாட்டைக் கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். எல்லாரையும் முன்னுக்கு நகர்த்தி, மூட்டைகளையும் முன்னால் அடுக்கி, இழுப்பு இரும்பின் மேல் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரன் உட்காருகிற இடம்.

அங்கிருந்து பதுளை பத்து மைலுக்குள்தான். எனக்கு அது முடியவே இல்லை. சின்னையா ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். கயிறு இரும்பில் உரசி உரசிப் பிரி பிரியாக அறுந்துகொண்டே வந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன், மலையைப் பார்க்கவில்லை. புகை தாங்காமல் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகருவார்கள். எனக்குக் கீழே இரும்பு லேசாகும். உட்கார்ந்திருக்கிற எனக்கு உடம்பில் தெரியும். "முன்னால! முன்னால!" என்று கத்துவேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு வளைவில், பின்னால் நாலைந்து பேர் ஒன்றாய் எழுந்து நகர, வளையம் மேலே வந்துவிட்டது. கயிறு ஒன்றுதான் பிடித்திருந்தது, அதிலும் இரண்டு பிரிதான் மிச்சம். கத்துவதை விட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். செல்லாயி என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் பக்கத்தில் இருந்தவளின் கொண்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "சாகப் போறீங்களாடி? வாங்க இங்கிட்டு!" எல்லாரும் விழுந்தடித்து முன்னால் வந்தார்கள். இரும்பு கீழே இறங்கியது. வளையம் கொக்கியில் உட்கார்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

7. பட்டறை வாசல்

பதுளைக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"சரி, வந்தாச்சில்ல?" என்றார் கங்காணி. "புதுக் கயிறு ஒண்ணப் போட்டுக் கட்டுய்யா. பசறை வழியாப் போயிரலாம்."

எனக்கும் அந்த நேரத்தில் அது சரி என்றுதான் பட்டது, சங்கிலியே போட்டுவிடலாம் என்று உள்ளே திரும்பினேன். செல்லாயி பிள்ளையை இறக்கி விட்டுக்கொண்டே கேட்டாள்.

"இனிமே போறப்ப நீங்க உக்காந்த எடத்துல யாருண்ணே உக்காருவா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஸ்பானரை எடுத்து வந்து, கங்காணி பார்க்கப் பார்க்க இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பட்டறைக்குள் உருட்டிவிட்டேன். கங்காணி குதித்தார். துரையிடம் சொல்லி என்னை என்ன செய்கிறேன் பார் என்றார். முதலாளி நெல் மூட்டை வைக்கிற கொட்டகையைத் திறந்துவிட்டு, அத்தனை பேருக்கும் சோறு ஆக்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த வாரமே அச்சைப் பிரித்து ஒரு அடி பின்னால் தள்ளி வைத்தேன். பத்தடி பாடிக்கு முன்னால் ஆறு, பின்னால் நாலு. கொக்கிக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பின், அதற்கு மேலே இரண்டு பக்கமும் சங்கிலி. இப்போது அந்த இரும்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். துரை பார்த்துவிட்டு, "முந்தி நல்லா இருந்துச்சு" என்றார். அடுத்த மூன்று டிரெய்லரையும் கொழும்பில் கட்டினார். முதலாளி ஒரு மாதம் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டரில் பெட்டி என்று எழுதியிருப்பார்கள், மூட்டை என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். காலியாகத் திரும்புகிற வண்டியில் ஆள் ஏறாமல் இருக்கமாட்டான். அவன் எங்கே உட்காருவான் என்று யோசித்துவிட்டு அச்சை வையுங்கள். தப்பு என்று தெரிந்தால், நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மறுநாள் காலையில் கைக்குழந்தைக்காரிகள் நாலு பேரை லொறியில் அரிசி மூட்டை மேல் ஏற்றினார்கள். மற்றவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பசறை ரோட்டில் நடந்தார்கள். ஏறி வந்த வண்டியையும் பிடுங்கிக்கொண்டவன் என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். சின்னப் பிள்ளைகள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்து முறைத்தன. நான் வாசலில் நின்று எண்ணினேன். லொறி மேலே நாலு, நடந்து போவது இருபத்தெட்டு. முப்பத்திரண்டு பேரும், ஒருத்தர் குறையாமல், என்னைத் திட்டினார்கள்.